கம்பிக் கதவும் வேப்பங்கொத்தும்

கம்புறுப்பிட்டி,
7 ஜூன் 1993, திங்கள்.

தம்பியின் மனைவிக்கு,

பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை. அதனால் இப்படித் தொடங்குகிறேன்.

நேற்று ஊரிலிருந்து பதினொரு பேர் கொழும்புக்கு வான் பிடித்து வந்தோம். விடிய முன் எழும்பிப் பாற்சோறு கிண்டி, வாழையிலையில் பொதி கட்டி, செவ்விளநீர் ஒரு குலை வெட்டி, பன்சலையில் பிக்குமார் பிரித் ஓதிய காப்பு நூலையும் வாங்கிக்கொண்டு வந்தோம். வருத்தமாய்க் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கப் போவது எங்கள் ஊரில் குற்றம் இல்லை. போகாமல் இருப்பதுதான் குற்றம். நீ என்ன செய்தாய்? விடுதியின் கம்பிக் கதவை உட்பக்கம் பூட்டிக்கொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, திரும்பிப் போங்கோ. ஒருத்தரையும் உள்ள விட ஏலாது" என்றாய். ஒரு கதிரை கூடப் போடவில்லை. என் பெரியம்மாவின் மகள் என் காதுக்குள் கேட்டாள், "இது உன்ர தம்பி பெண்சாதி இருக்கிற இடமோ, மறியல் வீடோ?"

பாற்சோறு புளிக்கத் தொடங்கிவிட்டது. பெந்தோட்டைப் பாலத்தடியில் வானை நிறுத்தி நாய்களுக்குப் போட்டோம்.

உன் ஹிமாலி என் கையில் வளர்ந்த பிள்ளை. நீ தையல் வேலைக்குப் போன காலத்தில் அவளுக்குச் சோறு தீத்தியது யார்? அவளும் என் உதேனியும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அத்தை முறையான நான் அவள் முகத்தைக் கூடப் பார்க்காமல் திரும்பினேன்.

எனக்கு வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. தம்பியின் பஸ்ஸில் இதைக் கொடுத்து விடுகிறேன். பதில் வேண்டாம்.

ஞானவதி


தாய்மார் விடுதி, கொழும்பு,
8 ஜூன் 1993.

அக்கா,

பதில் வேண்டாம் என்று எழுதினால்தான் எனக்கு உடனே எழுதக் கை துடிக்கிறது. உங்கள் தம்பி கடிதத்தை நீட்டும்போதே முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தார். "நான் பஸ் ஓட்டுறதா, உங்கட சண்டையை ஏத்தி இறக்கிறதா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும் ஒரே ரோட்டுத்தானே" என்றேன். சிரிக்கவில்லை.

பாற்சோறு நாய்க்குப் போனதை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் கதவைப் பூட்டியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஊரில் நீங்கள் ஹிமாலிக்கு "இரத்தம் காணாது, சோகை" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். காணாமல் போகவில்லை, அக்கா. இரத்தத்தில் புற்றுநோய். அது ஹிமாலிக்கே தெரியும். பதினாலு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்வதா என்று முதல் கிழமை நானும் சண்டை பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இந்த விடுதியை நடத்துகிற லெனோரா மிஸ், பறங்கிப் பெண், என்னை இருத்தி வைத்துச் சொன்னார், "நீங்க சொல்லாட்டியும் அவள் கண்டுபிடிப்பாள். தனியக் கண்டுபிடிச்சால் தனியப் பயப்பிடுவாள்." இங்கே ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளைகளையும் தாய்மாரையும் ஒன்றாய் இருத்தி, என்ன மருந்து, அது உடம்பில் என்ன செய்யும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று எல்லாம் சொல்லித் தருகிறார். ஹிமாலிதான் ஆகக் கூடக் கேள்வி கேட்பவள்.

மருந்து கெட்ட அணுக்களைக் கொல்லும்போது நல்லவற்றையும் சேர்த்துக் கொல்கிறது. "வீட்டுக் காவல்காரர் எல்லாரையும் ரெண்டு கிழமை லீவில அனுப்பியிருக்கிறம். இப்ப கதவைத் திறந்து வைக்கிறதா?" என்று மிஸ் கேட்பார். பக்கத்து அறையில் மகியங்கனையிலிருந்து வந்த பொடி மெனிக்கே இருக்கிறாள். அவளுடைய மகன் லசந்தவைப் பார்க்கப் போன மாதம் ஊரே வந்தது. வந்தவர்களில் யாரோ ஒருவருக்கு இருமல். பிள்ளை இன்னும் வார்டில் மூச்சுக் குழாயோடு கிடக்கிறான். அவளும் கதவைத் திறந்து எல்லோருக்கும் கதிரை போட்டவள்தான்.

நீங்கள் பதினொரு பேர் கம்பிக்கு வெளியில் நின்றபோது எனக்குத் தெரிந்தது பதினொரு மூக்குத்தான். அவ்வளவு பயம்.

ஹிமாலி கேட்டாள், "மாமிக்குக் கோபமோ?" "ஓம்" என்றேன். "அப்ப சுகமாத்தான் இருக்கிறா" என்றாள்.

ஸ்ரீயாலதா


கம்புறுப்பிட்டி,
9 ஜூன் 1993.

ஸ்ரீயாலதாவுக்கு,

மூக்கு என்று எழுதியிருக்கிறாய். என் மூக்கைப் பற்றி உன் அம்மா கூட இப்படிப் பேசியதில்லை.

சரி, விடு. நீ எழுதிய அந்த நோயின் பெயரை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையிடமே சொல்லியிருக்கிறாய் என்றால் உன் நெஞ்சு எதனால் செய்தது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் சில நோய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். என் வீட்டு வாசலில் இப்போது வேப்பங்கொத்துக் கட்டியிருக்கிறது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை, மீன்காரனை ஒழுங்கையிலேயே திருப்பி அனுப்புகிறேன். உதேனி பள்ளிக்கூடம் போகவில்லை. ஏன் என்று கேளாதே, சொல்வதில்லை என்று உனக்கே தெரியும். அது கழிந்ததும் பால் அம்மாமாருக்குத் தானம் கொடுப்பேன். ஏழு தாய்மாரை அழைத்து இருத்தி, பாற்சோறும் பணியாரமும் வாழைப்பழமும் கொடுத்து, அவர்கள் கையால் பிள்ளையின் தலையைத் தொட வைப்பேன். அந்த ஏழு கையும் ஹிமாலியின் தலையிலும் பட வேண்டும். ஒரே ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு வா. உன் டொக்டர்மாரின் மருந்தை நான் தடுக்கவில்லை. அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

இந்த ஊரில் யார் வீட்டுத் தானத்துக்கும் பாற்சோறு கிண்டுவது நான்தான். வரிசையில் ஒரு நாளும் இருந்ததில்லை, அது வேறு கதை. ஆனால் என் கையால் கிண்டிய சோற்றைத் தின்று வாழ்த்தப்பட்ட பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள்.

மாட்டேன் என்று எழுதாதே.

ஞானவதி


தாய்மார் விடுதி, கொழும்பு,
10 ஜூன் 1993, காலை.

அக்கா,

சண்டையை எல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். இதை வாசித்த உடனே பதில் எழுதித் தம்பியிடம் கொடுங்கள். அவர் விடியற்காலை பஸ்ஸை எடுக்க முன் உங்கள் சந்திக்கு வருவார்.

உங்கள் கடிதத்தை ஹிமாலிக்குச் சிரித்துச் சிரித்து வாசித்துக் காட்டினேன். உங்கள் குரலிலேயே வாசித்தேன். வேப்பங்கொத்து என்ற இடத்தில் எனக்கு நாக்கு நின்றுவிட்டது. உதேனி பள்ளிக்கூடம் போகவில்லை என்றதும் ஹிமாலியின் முகம் மாறியது.

"அம்மா, கோபிக்க மாட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

"சொல்லு."

"ஞாயிற்றுக்கிழமை உதேனி உள்ளுக்கு வந்தவள்."

நீங்களும் நானும் முன் வாசலில் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம், கக்கூசுக்குப் போகிறேன் என்று வானை விட்டு இறங்கியிருக்கிறாள். உடுப்புத் தோய்க்கிற பக்கத்துப் படலையால் நுழைந்து வந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரு போர்வைக்குள் படுத்து, ஒரு கோப்பையில் தேத்தண்ணீர் குடித்திருக்கிறார்கள். ஹிமாலியின் மொட்டைத் தலையைப் பார்த்து உதேனி அழுதாளாம். பிறகு தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இவள் தலையில் கட்டிவிட்டாளாம். இந்த நாலு நாளும் அந்தத் துணியைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். நான் லெனோரா மிஸ் கொடுத்தது என்று நினைத்திருந்தேன். "உதேனிக்கு உடம்பு அனலாக் கிடந்தது. வெயிலுக்கு எண்டு நினைச்சன்" என்றாள்.

டொக்டரிடம் ஓடினேன். அவர் என்னை ஏசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சுகமான பிள்ளைக்கு அது பத்து நாள் சொறிச்சல். ஹிமாலி மாதிரிப் பிள்ளைக்கு அது நெஞ்சுக்குள் இறங்கும், மூளைக்குள் இறங்கும். அவளுக்கு முந்தி ஒரு நாளும் வந்ததில்லை. தடுக்க ஓர் ஊசி இருக்கிறது. ஆனால் நாட்டிலேயே கொஞ்சம்தான் இருக்கிறதாம், ஊகத்தை வைத்துக்கொண்டு கேட்க முடியாதாம். அதைப் போட்டால் புற்றுநோய் மருந்தை நிறுத்தி, அவளைத் தனி அறையில் ஒரு மாதம் வைக்க வேண்டும். வீணாக நிறுத்தினால் அந்த நோய் திரும்பத் தலை தூக்கும். "அங்க இருக்கிற பிள்ளைக்கு வந்தது அதுதானா, முதல் கொப்புளம் எந்த நாள் வந்தது? இந்த ரெண்டும் தெரிய வேணும்" என்றார். ஞாயிறுக்குப் பிறகு இரண்டு நாளுக்குள் வந்திருந்தால் ஊசி போட வேண்டும். அதற்குப் பிந்தி வந்திருந்தால் தொற்றியிருக்காது, மருந்தை நிறுத்த வேண்டாம்.

தொற்றி நாலு நாளுக்குள் போடுவதுதான் நல்லதாம். இன்றைக்கு நாலாம் நாள். பிந்தப் பிந்தப் பலன் குறையும்.

இரண்டு கேள்விதான், அக்கா.

ஸ்ரீயா


கம்புறுப்பிட்டி,
10 ஜூன் 1993, பின்னேரம்.

ஸ்ரீயாலதாவுக்கு,

உதேனியைக் கேட்டேன். உள்ளே போனது உண்மைதான் என்றாள். எனக்குத் தெரியாது. அறிந்திருந்தால் அவளை வானிலேயே கட்டி வைத்திருப்பேன்.

ஆனால் நீ கேட்டதை எழுத மாட்டேன்.

சந்தியில் தம்பியும் வாயால் கேட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அக்கா, என்ர பிள்ளை" என்றான். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பான்.

என் வீட்டுச் சுவரில் ஒரு பையனின் படம் இருக்கிறதே, நீ தூசி துடைத்திருக்கிறாய். அவன் பந்துல. என் மூத்தவன். உதேனி பிறக்கப் பல வருஷத்துக்கு முன். ஐந்து வயதில் அவனுக்கு இது வந்தது. அந்த நேரம் சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வீடு வீடாய்க் கேட்டுக்கொண்டு வந்தார். வாசலில் வேப்பங்கொத்து இருந்தது, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். நான் படித்தவள் மாதிரி முன்னுக்கு வந்து பெயரைச் சொன்னேன், நாளையும் சொன்னேன். ஜீப் வந்தது. பிள்ளையைக் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் ஒரு கம்பிக் கதவு. காவல்காரன் என்னை உள்ளே விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இரவு பகல் தெரியாமல் நின்றேன். கடைசியில் அவனுடைய காற்சட்டையை மடித்துக் கொண்டுவந்து தந்தார்கள். உள்ளே அவன் என்னைக் கூப்பிட்டானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஊர் சொன்னது, "பெயரைச் சொன்னாய், கூட்டிக்கொண்டு போயிட்டினம்." நோயாய் வீட்டுக்கு வந்திருக்கிற தெய்வங்களின் நாளை எண்ணுவது அவர்களைப் போ என்று விரட்டுவது மாதிரி. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பால் அம்மாமார் வரிசையில் எங்கள் ஊரில் இருத்துவதும் இல்லை. அதனால்தான் நான் அடுப்படியில் நிற்கிறேன்.

உதேனிக்கு இன்றைக்குக் கண் இமையிலும் இருக்கிறது. கண் திறக்க முடியாமல் கிடக்கிறாள். உன் பிள்ளைக்காக என் பிள்ளையைப் பணயம் வைக்கச் சொல்கிறாய். எனக்கு ஒன்று போய்விட்டது. இது ஒன்றுதான் மிச்சம்.

என்னைத் திட்டு. கேட்காதே.

ஞானவதி


தாய்மார் விடுதி, கொழும்பு,
11 ஜூன் 1993.

அக்கா,

நான் இந்தக் குடும்பத்துக்கு வந்து பதினாறு வருஷம். அந்தப் படத்தில் இருப்பது யார் என்று கேட்டபோது "எங்கட ஆள்" என்றுதான் சொன்னார்கள். உங்கள் தம்பி கூடச் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். பஸ்ஸின் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தார். பந்துலவைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரஹெரா ஊர்வலம் பார்க்கப் போனாராம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களைத் திரும்பவும் ஒரு கம்பிக்கு வெளியில் நிற்க வைத்தேன். தெரிந்திருந்தாலும் பூட்டியிருப்பேன், அக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் வெளியில் வந்து உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு பூட்டியிருப்பேன்.

இப்போது கம்பிக்கு வெளியில் நிற்பது நான். உள்ளே இருப்பது உங்கள் வீடு. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. நீங்கள் நின்ற நிலையில்தான் நிற்கிறேன்.

நீங்கள் எழுதியதை ஹிமாலியிடம் மறைக்கவில்லை. அவள் சொன்னாள், "மாமியை நெருக்காதீங்கோ அம்மா. உதேனிக்கு ஏதும் நடந்தால் என்னால எண்டு வரும். எனக்குப் பயமில்லை எண்டு எழுதுங்கோ." எழுதிவிட்டேன். ஆனால் அப்படிச் சொல்லும்போது என் சட்டையின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது உங்கள் சேலையை அப்படிப் பிடிப்பாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பெயரை எழுத வேண்டாம். கொப்புளம் வந்த நாளை மட்டும் எழுதுங்கள். மிச்சத்தை நான் டொக்டரின் காலில் விழுந்தாவது சொல்லிக்கொள்கிறேன்.

உதேனியின் கண்ணைக் கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைக்கச் சொன்னார், வெளியிலிருந்து உள்ளே இல்லை, மூக்கு ஓரத்திலிருந்து வெளியே. நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். வெள்ளை விழி சிவந்தால் ஒரு மணித்தியாலமும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், மாத்தறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நான் கேட்டது அவளுக்காகவும்தான்.

ஸ்ரீயா


தந்தி
கம்புறுப்பிட்டி, 11 ஜூன் 1993, பி.ப. 5.10

உதேனிக்குக் கொப்புளிப்பான். முதல் கொப்புளம் திங்கள் காலை. ஞாயிறு வானிலேயே காய்ச்சல். டொக்டரிடம் காட்டு. அக்கா.


புற்றுநோய் ஆஸ்பத்திரி, கொழும்பு,
13 ஜூன் 1993.

அக்கா,

தந்தியோடு டொக்டரின் வீட்டுக்கே போனோம், லெனோரா மிஸ்ஸும் நானும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசித்துவிட்டுக் கையைக் கழுவாமலே தொலைபேசியை எடுத்தார். நேற்றுப் பின்னேரம் ஊசி போட்டாயிற்று. பிந்தித்தான் போட்டிருக்கிறார்கள். வராது என்று யாரும் சொல்லவில்லை, வந்தாலும் கடுமை குறையலாம் என்றுதான் சொன்னார்கள். இருபத்தெட்டு நாள் போக வேண்டும்.

வார்டின் கடைசியில் தனி அறை. நானும் அவளும்தான். புற்றுநோய் மருந்தை நிறுத்திவிட்டார்கள். தினமும் காலையில் அவள் உடம்பைத் துழாவிப் பார்க்கிறேன். முதுகில் ஒரு கொசுக்கடியைக் கண்டு அலறிவிட்டேன். "அம்மா, கொசுவுக்கு மட்டும்தான் என்ர ரத்தம் பிடிச்சிருக்கு" என்று சிரிக்கிறாள்.

உதேனிக்கு எப்படி? கண்? தயவு செய்து எழுதுங்கள். எங்களுக்காக நீங்கள் செய்தது அவள் மேல் வந்துவிட்டதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்ரீயா


கம்புறுப்பிட்டி,
21 ஜூன் 1993.

ஸ்ரீயாவுக்கு,

உதேனி எழும்பிவிட்டாள். கண் தப்பியது. நீ சொன்னபடி பஞ்சால் துடைத்தேன், நகத்தையும் வெட்டினேன். இடது புருவத்தில் மட்டும் ஒரு குழி, அந்த இடத்தில் மயிர் முளைக்காது போல. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஹிமாலிக்குத் தலை இல்லை, எனக்குப் புருவம் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்" என்கிறாள். வாய் அவளுக்கு என்னைப் போல.

அன்றைக்கு உன் கடிதம் கிடைத்தபோது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும் வரை இருந்தால் மனம் மாறிவிடும் என்று எனக்குத் தெரியும். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்தேன். வேப்பங்கொத்துக் கட்டிய வீட்டிலிருந்து ஒருவரும் படலை தாண்டுவதில்லை. வரிசையில் நின்றவர்கள் என்னைக் கண்டு ஒதுங்கினார்கள். தந்தி எழுதுகிற சோமபால காது மந்தமானவன், எல்லாவற்றையும் உரத்து வாசிப்பான். "அக்கே, அம்மாமார் நோய் எண்டு போடவா, கொப்புளிப்பான் எண்டு போடவா?" என்று கந்தோர் முழுக்கக் கேட்கக் கேட்டான். "டொக்டருக்கு விளங்கிற மாதிரிப் போடு" என்றேன். நீ நாளை மட்டும் கேட்டாய். நாளை மட்டும் வைத்து எந்த டொக்டர் நம்புவான்?

வீட்டுக்கு வந்து உதேனியின் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை, பந்துலவுக்குக் கூட. அந்த நேரம் எனக்கு ஒன்றும் தெரியாதே.

தானம் நடக்காது. நேற்று வெற்றிலை எடுத்துக்கொண்டு தாய்மாரை அழைக்கப் போனேன். முதல் வீட்டில், "இந்த முறை ஏலாது, இடுப்பு நோ" என்றாள். அடுத்த வீட்டில் நாய் மட்டும் வெளியில் வந்தது. மூன்றாவது வீட்டில் உள்ளதைச் சொன்னாள், "தபால் கந்தோரில பேரைச் சொன்ன வீட்டில நாங்கள் எப்படி வந்து இருக்கிறது?" ஏழு வீட்டு வெற்றிலையும் வாடி வீட்டுக்கு வந்தது. பச்சரிசியும் கருப்பட்டியும் வாங்கியது அப்படியே கிடக்கிறது. நான் அழவில்லை. விறகு ஈரம், புகை.

ஹிமாலிக்கு ஒரு கொப்புளம் கண்டாலும் எழுது. காணாவிட்டாலும் எழுது.

ஞானவதி அக்கா


தாய்மார் விடுதி, கொழும்பு,
4 ஜூலை 1993, ஞாயிறு.

அன்புள்ள அக்கா,

இன்றைக்கு இருபத்தெட்டாவது நாள். காலையில் டொக்டர் வந்து வாய்க்குள், காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில் எல்லாம் லைட் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரு கொப்புளமும் இல்லை. "உன்ர மாமிக்கு என்ர வணக்கத்தைச் சொல்லு" என்று ஹிமாலியிடம் சொன்னார் அந்த டொக்டர்.

முழுக்க நல்ல செய்தி என்று எழுத மாட்டேன். ஒரு மாதம் மருந்து நின்றதில் அந்த நோய் என்ன செய்திருக்கிறது என்று வெள்ளிக்கிழமை இடுப்பெலும்பில் ஊசி குத்திப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு மருந்து திரும்பத் தொடங்கும். ஹிமாலிக்கு இது எல்லாம் தெரியும். நேற்று இருந்து யோசித்துவிட்டு அவள்தான் சொன்னாள், "வெள்ளிக்கிழமைக்கு முதல் மாமியின்ர தானத்தை இங்க வைப்பம்."

நான் லெனோரா மிஸ்ஸைக் கேட்டேன். அவர் டொக்டரைக் கேட்டார். மருந்து நின்றதால் காவல்காரர் எல்லோரும் லீவு முடிந்து வந்திருக்கிறார்களாம், இரத்தம் நன்றாக இருக்கிறது. ஒரு ஆள் வரலாம். இருமல், தடிமன் இருக்கக் கூடாது. சமைத்துக் கொண்டு வரக் கூடாது, இங்கே அடுப்பில் புதிதாகக் கிண்ட வேண்டும். வருகிற ஆளுக்குச் சிறு வயதில் அது வந்திருக்க வேண்டும் என்றார். கேட்டு எழுதத் தேவையில்லை, உங்கள் நெற்றி வடு எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். உதேனியை அடுத்த முறை முன் வாசலால் கூட்டி வாருங்கள்.

தாய்மார் இங்கே இருக்கிறார்கள். போன மாதம் ஏழு பேர் இருந்தோம். லசந்த போய்விட்டான், அக்கா. பதினெட்டாம் தேதி. பொடி மெனிக்கே அவனுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். இப்போது என்னோடு ஆறு பேர்.

ஏழாவது நீங்கள்.

அடுப்படியில் நிற்க இல்லை. சோற்றைக் கிண்டி இறக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் இருக்க வேண்டும். பறிகொடுத்தவள் இருக்கக் கூடாது என்று எழுதாதீர்கள். என் பக்கத்தில் இருக்கப் போகிற கருணாவதிக்கு இது இரண்டாவது பிள்ளை. மூத்தது இதே நோயில்தான் போனது. இங்கே அந்த ஒழுங்கைப் பார்த்தால் வரிசையே இருக்காது. ஹிமாலி அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள், "மாமி கை வைக்காட்டி எனக்கு மிச்ச ஆறு கையும் வேண்டாம்." உங்கள் பிடிவாதம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்.

வியாழக்கிழமை. வருவீர்களா?

ஸ்ரீயா


கம்புறுப்பிட்டி,
6 ஜூலை 1993.

என் தங்கச்சி ஸ்ரீயாவுக்கு,

வருகிறேன். அரிசியும் கருப்பட்டியும் கட்டி வைத்துவிட்டேன். தேங்காயை உரிக்காமல் கொண்டு வருகிறேன், அங்கே வந்து துருவலாம். இருமல் இல்லை. நேற்றுத் தம்பியின் முன்னால் நின்று வேண்டுமென்றே இரண்டு தரம் மூச்சை இழுத்து விட்டுக் காட்டினேன். "சரி சரி, பஸ்ஸில ஏத்துவன்" என்றான்.

உதேனி வர முடியாது என்று சொன்னதற்கு ஒரு நாள் சாப்பிடவில்லை. அந்தத் தலைத் துணியை ஹிமாலியே வைத்துக்கொள்ளலாமாம். நீ எரித்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும். சிரிக்காதே. பிள்ளையின் தலையில் கை வைக்கிற நேரம் பால் அம்மாமார் வாய்க்குள் ஏதோ சொல்வார்கள். இத்தனை வருஷமும் நான் அந்த நேரம் அடுப்பை அணைத்துக்கொண்டு நிற்பேன், ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி உங்களுக்குள் இருந்தால் கேட்டு வை. இல்லாவிட்டால் எனக்கு வருவதைச் சொல்கிறேன்.

பஸ் பதினொரு மணிக்கு வந்து சேரும். கம்பிக் கதவடியில் நிற்பேன். தனியே அதைத் தாண்ட எனக்குக் கால் வராது. நீ வெளியில் வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போ.

அக்கா